ஏழு முறை எதிர்த்தவன்

ராஷ்கோ காலிந்தெரொவுக்கு எதிராக
ஏழு முறை கை தூக்கியிருக்கிறேன்.
எட்டாவது கூட்டத்தன்று எனக்குக் காய்ச்சல்.

கிராட்ஸில் மருந்து படித்துவிட்டு வந்தவன்.
மேயரான முதல் வாரமே
ஆற்றுத் தண்ணீரைக் குப்பியில் மொண்டுவந்து
சபை மேசையில் வைத்தான்.
"யார் குடிக்கிறீர்கள்?"
பாதிரியார்கூட ஜன்னலைப் பார்த்தார்.
குப்பிக்குள் இருந்தது என் பட்டறை:
ஓக் பட்டை, சுண்ணாம்பு, ஆட்டு மயிர்.

அப்புறம் கயிறு.
சந்தையிலிருந்து பாலம்வரை
ஒரே நேர்த்தெரு வேண்டுமாம்.
ப்லோவ்டிவிலிருந்து அளவைக்காரன் வந்தான்.
ஆட்டுக்குடலாய்ச் சுருண்ட சந்துகளைக் கிழித்துக்கொண்டு
கயிறு நீண்டது.
யார் சுவர், யார் திராட்சைப் பந்தல் என்று
பின்னாலேயே நடந்தோம்.
அது போய் நுழைந்தது
ராஷ்கோவின் சமையலறைக்குள்,
ரொட்டி அடுப்புக்கும் ஊறுகாய்ப் பீப்பாய்க்கும் நடுவே.

முளையைக் கொஞ்சம் நகர்த்தட்டுமா
என்றான் அளவைக்காரன்.
நகர்த்தச் சொல்வான் என்று காத்திருந்தோம்.
சொல்லியிருந்தால்
ஊரே தப்பித்திருக்கும்.
"அடுப்பு சூடாயிருக்கிறது,
நாளைக்கு இடியுங்கள்."

அந்தக் குளிர்காலம் முழுக்க
அவன் மனைவி த்ஸ்வெதானா
முற்றத்துப் பனியில் நின்று பீன்ஸ் வேகவைத்தாள்.
தெருவைப் பற்றி அவளை யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
என் பக்கம் ஒரு வாக்கு கூடியிருக்கும்.

குழாய் வந்தது,
மலை ஊற்றிலிருந்து ஒன்பது கிலோமீட்டர், சுட்ட மண்.
கூடவே வங்கிக் கடனும்.
என் பட்டறை பாலத்துக்குக் கீழே போனது.
தொட்டிகளை இழுத்ததில்
எருது ஒன்று முழங்கால் மடங்கி விழுந்தது,
எழவில்லை.

இருபத்துமூன்றாம் ஆண்டு ஜூனில்
சோஃபியாவில் ஆட்சி கவிழ்ந்தது.
புதியவர்கள் ராஷ்கோவை வெளியே அனுப்பிவிட்டுப்
பேரேடுகளைத் திறந்தார்கள்.
திருடன் என்று முதலில் சொன்னவன் நான்தான்.
பத்து நாள் தணிக்கை.
இடிபட்ட ஒவ்வொரு சுவருக்கும் இழப்பீடு,
ஒவ்வொன்றுக்கும் எதிரே கையெழுத்து.
எருதுக்கு முந்நூறு லெவா வாங்கியிருக்கிறேன்,
மறந்தே போயிருந்தது.
ஒரு வரிக்கு எதிரே மட்டும்
ஒன்றுமில்லை:
சமையலறை ஒன்று, அடுப்புடன்.

இப்போது மறுபடி மருந்துக்கடை.
சுண்ணாம்பு தின்ற விரல்களுக்கு
நேற்று களிம்பு கேட்டேன்.
"கழுவிவிட்டுத் தடவு" என்றான்,
வேறெதுவும் பேசவில்லை.
குழாயடியில் கழுவினேன்.
வாடையே இல்லாத தண்ணீர்,
எலும்புவரை சில்லிட்டது.

அந்தத் தெரு மட்டும்
இன்னமும் எனக்குப் பிடிக்கவில்லை.
காற்று நேராக வந்து அடிக்கிறது.