இடது பின்பக்கம் ஒரு சத்தம்

வெள்ளிதோறும் மாலை ஐந்தரைக்கு
எங்கள் வண்டி வீடு மாறுகிறது.
வீட்டைப் பிரித்தாயிற்று, படகை விற்றாயிற்று,
கரண்டிகளைக்கூட எண்ணிப் பிரித்தோம்.
பாதிக் கடன் பாக்கியிருந்த இந்தச் சாம்பல்நிற வண்டியை மட்டும்
எந்த ரம்பத்தாலும் அறுக்க முடியவில்லை.
ஒரு வாரம் எனக்கு. ஒரு வாரம் வெய்யோவுக்கு.

கயானியில் ஜனவரி. மைனஸ் இருபத்தாறு.
எஞ்சினைச் சூடாக்கும் ஒயரோடு கம்பத்தடியில்
குளுக்கோஸ் ஏற்றும் நோயாளிபோல் நிற்கிறது.
ஏறி உட்கார்ந்தால் கால் பெடலுக்கு எட்டாது.
இருக்கைக்கடியில் கம்பியைத் தூக்கி
டக் டக் டக் டக்
நான்கு பல் முன்னால் வருகிறேன்.
கண்ணாடியில் வண்டியின் கூரை மட்டும் தெரிகிறது;
திருப்பித் திருப்பிச் சாலையைக் கொண்டுவருகிறேன்.
பதினோரு வருடம் ஒரே கட்டிலில் படுத்தோம்.
படுத்தால் உயரம் தெரிவதில்லை.

விற்கும்போது ராசனென் சொன்னான்:
"நூறு கிலோமீட்டருக்கு ஐந்தே கால் லிட்டர்.
ஏற வேண்டாம், குனிய வேண்டாம்,
உட்கார்ந்தால் போதும், முழங்கால் வாழ்த்தும்."
முழங்கால் வாழ்த்தத்தான் செய்கிறது.
பெட்ரோல் ஏழைத் தாண்டிப் போகிறது.
காடு மேடு கடக்கும் என்ற தோற்றம்.
சென்ற மார்ச்சுக்கு முந்தைய மார்ச்சில்
ஏரிக்கரைக் குடிலுக்குத் திரும்பும் வளைவில்
பனியில் வயிறு தட்டி நின்றுகொண்டு
முன்சக்கரம் மட்டும் சுற்றியது.
நாலு சக்கரமும் இழுக்கும் வகைக்கு
மூவாயிரத்து அறுநூறு யூரோ அதிகம்.
மிச்சம் பிடித்தது நான்தான்.
வெய்யோ அதை ஒருமுறைகூடச் சொல்லிக்காட்டவில்லை.
மண்வாரியோடு இறங்கினான்.
சொல்லிக்காட்டியிருக்கலாம்.

கோடே தெரியாத வெள்ளைச் சாலையில்
கோட்டைத் தாண்டிவிட்டாய் என்று ஸ்டீயரிங் நடுங்கும்.
பக்கத்து இருக்கையில் உருளைக்கிழங்குப் பை வைத்தால்
பெல்ட் போடு போடு என்று அலறும்.
நானும் போட்டுவிடுகிறேன்.
எதிர்வீட்டு ஹில்க்காவிடம் இதே வண்டி, சிவப்பு.
"பின்பக்கக் கேமராவுக்கு
நவம்பர் தொடங்கி ஏப்ரல்வரை கண்புரை" என்பாள்,
"ஆனாலும் என் நாய் வேறெதிலும் ஏறாது."

முன்னறைப் பெட்டிக்குள் கோடு போட்ட நோட்டு.
பேச்சு நின்றபின் அதில்தான் எழுதுகிறோம்.
"கண்ணாடி கழுவும் நீர் தீர்ந்தது. ஊற்றினேன்."
"பின்கதவு ரப்பர் உறைந்து ஒட்டுகிறது. இழுக்காதே, தட்டிக்கொடு."
"7.4."
"இடது பின்பக்கம் ஒரு சத்தம். உனக்குக் கேட்கிறதா?"
"கேட்கிறது. சரளைச் சாலையில் மட்டும்.
அறுபதுக்கு மேல் போனால் நின்றுவிடுகிறது."
"நிற்பதில்லை. அறுபதுக்கு மேல் நமக்குக் கேட்பதில்லை."

நமக்கு என்று எழுதியிருந்தான்.
அந்த வரியில் நான் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம்
எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.
அந்த வாரம் 7.9.

போன மாதம் ஒரு செவ்வாய்,
சிந்திய பாலைத் துடைக்க டிக்கியின் அடித்தட்டைத் தூக்கினேன்.
ஸ்டெப்னி இருக்கவேண்டிய குழியில் ஸ்டெப்னி இல்லை,
பஞ்சர் ஒட்டும் பசை டப்பா ஒன்று.
அதற்கும் அடியில்
ஒரு கூடார முளை. அலுமினியம். கழுத்து வளைந்தது.

வண்டி வாங்கிய முதல் ஜூலை, மழை.
பதினான்கு முளை அடித்தோம்,
பிடுங்கி எண்ணினால் பதின்மூன்று.
பதினான்காவதைத் தேடிச் சேற்றில் தவழ்ந்தோம்,
யார் தொலைத்தது என்று வீடு வரும்வரை சண்டை.
இருநூற்று முப்பது கிலோமீட்டர்.
அது எங்களோடேதான் வந்திருக்கிறது.

முளையைக் கோட்டுப் பைக்குள் போட்டேன்.
வெள்ளிக்கிழமை வண்டியைக் கொடுத்தேன்.
அடுத்த வெள்ளி, நோட்டில்:
"சத்தம் நின்றுவிட்டது. நீ ஏதாவது செய்தாயா?"

டக் டக் டக் டக்.

பேனாவில் மை உறைந்திருந்தது.
வாயருகே பிடித்து ஊதி ஊதி எழுதினேன்:
"7.2. பின்டயரில் காற்று பார்க்கவும்."

கதவைச் சாத்திவிட்டுக் கடைக்கு நடந்தேன்.
பனி நொறுங்கும் ஒவ்வோர் அடிக்கும்
கோட்டுப் பையில் சாவியோடு உரசி,
இடது பக்கம்,
ஒரு சத்தம்.