கேள்வி பதினான்கு

படிவத்தின் முதல் பக்கம் சுலபம்.
தொழில்: மரஅறுவை. ஊர்: வல்கா, எஸ்தோனியா.
கைக்கருவிகள்: ஒன்பது.
(அய்கர் பனிக்குவியலில் தொலைத்ததையும் சேர்த்தால் பத்து.
சேர்க்கவில்லை.)
ஆன்டெனாவின் உயரம், தரையிலிருந்து, மீட்டரில்:
வெல்லோ ஏணியோடு போனான்.
அளவுநாடா காற்றில் படபடத்தது.
பதினொன்றரை என்று கத்தினான்,
பதினொன்று என்று எழுதினேன்.

ஊரின் நடுவே எல்லை ஓடுகிறது.
ஓடையைத் தாண்டினால் லாத்வியா,
பீர் அங்கே மலிவு.
ஆகவே கோப்பு ரீகா வரை போய்
அவர்களுக்கு ஆட்சேபணை இல்லையென்று
முத்திரையோடு திரும்ப வேண்டுமாம்.

கேள்வி பதினான்கு:
தற்போதைய அலைவரிசையில்
பிறர் பேச்சு இடையூறாகக் கேட்கிறதா?

கேட்கிறது.
மூன்று வருடமாக ஒரு பெண்.
அக்கரையில் ஏதோ கிரேனுக்குக் கீழே நின்று
எண்ணுகிறாள்: வியன்ஸ், திவி, திரீஸ்,
நான்காவதற்கு முன் மட்டும் மூச்சு வாங்குவாள்.
எங்கள் கட்டைகளை எண்ண வேண்டிய அய்கர்
அவள் கணக்கில் வழுக்கி விழுந்து
லாரிக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுண்டு.
ஒரு நாள் தும்மினாள்.
வெல்லோ பொத்தானை அழுத்தி
எங்கள் மொழியில் வாழ்த்தினான்.
பதிலுக்கு வந்தது சிரிப்பு,
அல்லது இரைச்சல்.

மார்ச்சில், பனி இளகிய ஒரு வியாழன்:
ஸ்டாப்!
அந்தச் சொல் மட்டும்
இரண்டு மொழிக்கும் பொது.
வெல்லோ சிவப்புப் பொத்தானில் குத்தினான்.
ரம்பம் நின்றது. பட்டை நின்றது.
ஆட்களை எண்ணினோம், பிறகு விரல்களை.
எல்லாம் இருந்தன.
அப்போதுதான் உறைத்தது,
குரல் எங்களுடையதல்ல.

நாற்பது நிமிடம் ஆலை ஓடவில்லை.
ஓட்டு என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.
கருவியைக் காதில் வைத்தபடி நின்றோம்.
உப்பு வறுக்கிற சத்தம்.

மறுநாள் ஏழேகாலுக்கு
வியன்ஸ், என்றாள்.
வெல்லோ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டு
ரம்பத்தைப் போட்டான்.

நாற்பது நிமிடத்துக்கு எவ்வளவு நஷ்டமென்று
மேலாளர் உர்வே கணக்குப் போட்டார்.
இந்தப் படிவம் வந்தது அப்படித்தான்.

பதினான்கில் ஆம் என்று குறியிட்டேன்.
விவரிக்கவும், இரண்டு வரிகளுக்குள்.
பெண் குரல், எழுதினேன். எண்கள்.

ஜூனில் உரிமம் வந்தது, ஐந்து வருடத்துக்கு.
எங்களுக்கே எங்களுக்கென்று ஓர் அலைவரிசை,
புள்ளிக்குப் பின்னால் நான்கு இலக்கம்,
கெட்டிலுக்கு மேலே சட்டம் போட்டு மாட்டியாகிவிட்டது.
இப்போது அய்கர் மென்று விழுங்குவதுகூடத்
துல்லியமாகக் கேட்கிறது.
கட்டைக் கணக்கு தவறுவதே இல்லை.
மதியத்தில் யாரேனும்
காரணமில்லாமல் கருவியைக் குலுக்கிப் பார்க்கிறார்கள்.

வேலியோரம் புல் வெட்டும்போது
பத்தாவது கிடைத்தது.
பழைய அலைவரிசை, மாற்றப்படாதது.
விதிப்படி ஒப்படைக்க வேண்டும்.
வெல்லோவின் அலமாரிக்குள்
துண்டைப் போர்த்திக்கொண்டு
சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது.