கயிற்றை உருவிய பிறகு

வாழைத்தார் ஏற்றப்போன லாரி
சிறுமலை மேலே எங்கள் நால்வரையும்
உதிர்த்துவிட்டுப் போனது.
கார்த்திகை கடைசி.
மூன்று நாளாய் மழையில்லை என்று விசாரித்துத்தான்
இஸ்மத் தேதி குறித்திருந்தாள்.
ஓடைக்கல்லில் ஈரம் ஏறியிருந்த கோட்டைத் தொட்டுப் பார்த்து
"முழங்கால் தண்ணிதான், போலாம்" என்றாள்.

தேனெடுப்பவர்கள் அதை ஒத்தையாள் சந்து என்கிறார்கள்.
மலை தன் விலாவில் வாங்கிய பழைய வெட்டு.
மேலமாசி வீதிக்குப் பின்னால்
ஸ்கூட்டர் திரும்பாத சந்துகளில் வளர்ந்தவர்கள் நாங்கள்.
அகலத்தைச் சொல்லி எங்களைப் பயமுறுத்த முடியாது.
ஆழத்தை யாரும் சொல்லவில்லை.

இச்சிமரத்தின் தூரில் பட்டையைச் சுற்றி
வளையத்தில் கயிற்றைக் கோத்தோம்.

ஒச்சப்பனும் நானும் பேசி எட்டு மாதம்.
ஒரு ஜாமீன் கையெழுத்து,
அவன் கட்டாமல் விட்ட தவணைகள்,
என் வாசலில் வந்து நின்ற பைனான்ஸ்காரனின் பைக்.
அவ்வளவுதான் கதை.
இஸ்மத்துக்குத் தெரியும்.
தாவீதுக்குத் தெரியாதது போல இருக்கத் தெரியும்.

இறங்குகிறவரின் முடிச்சை
அடுத்து நிற்பவர் பார்க்க வேண்டும்.
எனக்கு அடுத்து அவன்தான் நின்றான்.
இடுப்பு வாரை இழுத்தான்.
கொக்கியின் திருகை இரண்டு விரலால் சோதித்தான்.
முகத்தைப் பார்க்காமல்
தோளில் ஒரு தட்டு.

சித்திரையில் தார் உருகும் ஊரின் உடம்பு இது.
குளிர் என்றால் அதற்கு ஜிகர்தண்டா,
காய்ச்சலில் நெற்றிக்குப் போட்ட ஈரத்துணி.
இது வேறு.
தலையில் அறைந்து காதுக்குள் நுழைந்து
பல்லின் வேர்வரை போய்
என் விரல்களை ஒவ்வொன்றாய்
என்னிடமிருந்து கழற்றியது.

கீழே குட்டையில் மார்பளவு நின்றபோது
கயிற்றை உருவலாமா என்று இஸ்மத் கேட்டாள்.
உருவிவிட்டால் மேலே போக வழியில்லை.
யாரும் பதில் சொல்லவில்லை,
எல்லோரும் இழுத்தோம்.
சாரைப்பாம்பு போல நெளிந்து வந்து
தண்ணீரில் விழுந்தது.
அந்தச் சத்தத்துக்குப் பிறகு
எங்களுக்கு ஒரே திசைதான்.

அருவிக்குள் பேச்சு எடுபடாது.
டீக்கடையில் நாலு மணி நேரம் பேசுகிற தாவீது
அன்று முழுக்க
மூன்று விசிலில் வாழ்ந்தான்.

மூன்றாவது இறக்கத்தில் கயிறு சிக்கிக்கொண்டது.
கீழே அவர்கள் இருவரும் அதோடு மல்லுக்கட்ட,
மேலே
ஒரு சோற்றுத்தட்டு அகலப் பாறையில்
ஒரே ஆணியில் மாட்டப்பட்டு
நானும் அவனும்.
தலைக்கு மேல் வேட்டிக்கரை அகலத்துக்கு வானம்.
என் தாடை தானாக ஆடத் தொடங்கியது.
நிறுத்தச் சொன்னேன், அது கேட்கவில்லை.
அவன் தன் ரப்பர் சட்டையின் ஜிப்பை இறக்கி
என் இரண்டு கைகளையும் பிடித்து
அக்குளுக்குள் திணித்துக்கொண்டான்.
கோழிக்குஞ்சைப் பொத்துகிற மாதிரி இல்லை,
மூட்டையை இறுக்குகிற மாதிரி.

எவ்வளவு நேரம் என்று தெரியாது.
ஒரு தரம் அவன் உதடு அசைந்தது.
"மன்னிச்சிரு" ஆக இருக்கலாம்.
"மிதிக்காதே" ஆகவும் இருக்கலாம்,
நான் அவன் கால்மேல்தான் நின்றிருந்தேன்.
அருவி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போனது.
நான் தலையை ஆட்டினேன்.
குளிரில் அது ஏற்கனவே ஆடிக்கொண்டுதான் இருந்தது.

கீழிருந்து இரண்டு விசில்.

வாடிப்பட்டிப் பக்கம் தென்னந்தோப்புக்குள் வெளியே வந்தோம்.
மோட்டார் ரூம் சுவரில் கயிற்றைக் காயப் போட்டோம்.
எறும்பு, சாணி, வெயில்
எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன.
தாவீது ஒரேயடியாகப் பேச ஆரம்பித்தான்.
டீக்கு ஒச்சப்பன் காசு கொடுத்தான்.
அங்கே என்ன சொன்னாய் என்று கேட்டிருக்கலாம்.
நான் வடை கேட்டேன்.

திங்கட்கிழமை பைனான்ஸ்காரன் வருவான்.
இப்போதைக்கு
சூடான தம்ளரைச் சுற்றி
விரல்கள் ஒவ்வொன்றாய்
என்னிடம் திரும்பிக்கொண்டிருக்கின்றன.
இடது சுண்டுவிரல் மட்டும்
இன்னும் வந்து சேரவில்லை.