குறைந்தது மூன்று எழுத்து

செயின்ட் பால் நகரில் மார்ச்சிலும் பனி.
வெர்னெட்டா ப்ளெட்சோ மேசையைக் காலி செய்கிறாள்.
பூட்ஸ் ஒரு ஜோடி, கற்றாழைத் தொட்டி,
இருபத்தாறு வருடத்து அடையாள அட்டைகள்.
முதல் அட்டையில் முகமே விழவில்லை,
இரண்டு கண், ஒரு சிரிப்பு, மற்றதெல்லாம் இருட்டு.
வெள்ளைத் தோலுக்கு அளவெடுத்த கேமரா.
"விளக்கைக் கொஞ்சம் திருப்புங்கள்" என்று கேட்டதுதான்
இந்தக் கம்பெனியில் அவள் செய்த முதல் வேலை.
அதற்குச் சம்பளம் கிடையாது.

நான் மாரிட். மூன்றாம் மாடி, சம்பளப் பிரிவு.
மாதம் இருமுறை எல்லோருக்கும் படியளப்பவள்.
யாருக்கு எவ்வளவு என்று தெரியும்.
தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பதற்கும் சேர்த்துத்தான்
எனக்குச் சம்பளம்.

பா ஞியா வூ வேலைக்குச் சேர்ந்த அன்று
கணினிப் படிவம் அவளை ஏற்கவில்லை.
குடும்பப் பெயர் ஆங்கிலத்தில் இரண்டே எழுத்து.
'குறைந்தது மூன்று எழுத்து தேவை'
என்று சிவப்பில் ஒரு வரி.
பின்னால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளம்மா என்றார் மேலாளர்.
நல்லவர்தான், அவசரத்தில் இருந்தார்.
அந்தப் பெண் புள்ளி வைத்தாள்.
முதல் காசோலை புள்ளியோடு போயிற்று,
வங்கி திருப்பி அனுப்பிற்று.

வெர்னெட்டா அந்தச் சிவப்பு வரியைத் தேடி இறங்கினாள்.
எழுதியவர் ஓய்வுபெற்று அரிசோனாவில் கோல்ஃப் ஆடுகிறாராம்.
பதினொரு மாதம். நான்கு கமிட்டி.
"ஒரு எழுத்துக்கா இத்தனை பாடு?"
"ஒரு எழுத்துதானே, விட்டுக்கொடுங்களேன்."
கடைசியில் மூன்றை அழித்து
ஒன்று என்றே போட்டுவிட்டான் ஒரு பையன்,
இரண்டு என்றால் மறுபடி வந்து நிற்பாளே என்று பயந்து.

எல்லாம் இப்படி முடியவில்லை.
இஃப்ரா போனாள். போக வேண்டாம் என்று சொல்ல
வெர்னெட்டாவிடம் காரணம் மிச்சமில்லை.
பதவிக்குப் பெரிய பெயர் வைத்தார்கள்,
அறைக்கு ஜன்னல் வைக்கவில்லை.

ஒருநாள் சம்பளப் பட்டியலைக் கேட்டாள், பெயர் இல்லாமல்.
கொடுத்தேன்.
இருநூற்றுப் பதினான்கு வரிகளைச் சிவப்புப் பென்சிலால் சுழித்தாள்.
இரண்டு வருடத்தில் அத்தனையும் நிமிர்ந்தன.
சுழிக்காமல் விட்ட ஒரு வரி எனக்குத் தெரியும்.
அவளுக்கு ஆறு வருடம் பின்னால் சேர்ந்த நான்
அவளைவிட நாலாயிரம் டாலர் அதிகம் வாங்கினேன்.
ஒவ்வொரு மாதமும் பொத்தானை அழுத்தினேன்,
கண்டும் காணாதவளாய்.

இன்று சாவி ஒப்படைக்க வந்தாள்.
சொல்ல வாயெடுத்தேன்.
"நாற்பத்தொன்றாவது வரி" என்றாள் அவளே.
"பெயரை எடுத்தாய் மாரிட்,
சேர்ந்த தேதியை எடுக்க மறந்துவிட்டாய்."
ஒன்பது வருடமாகத் தெரிந்திருக்கிறது.
"ஏன் கேட்கவில்லை?"
"என் வரியைச் சேர்த்திருந்தால்
மற்ற இருநூறும் என் சொந்தத் தகராறு ஆகியிருக்கும்."
நீ ஏன் சொல்லவில்லை என்று
அவள் கேட்பாள் எனக் காத்திருந்தேன்.
பெட்டி ஒட்ட டேப் இருக்கிறதா என்று கேட்டாள்.
கொடுத்தேன்.

அவள் பொறுப்பு இனி எல்லோருக்கும் பகிரப்படும்
என்று சுற்றறிக்கை சொல்கிறது.
விலகல் பதிவு என் வேலை.
காரணம் என்ற கட்டத்தைக் காலியாக விட முடியாது.
வெளியே வாகன நிறுத்தத்தில்
கண்ணாடிப் பனியைச் சுரண்டிக்கொண்டிருக்கிறாள்.
ஒரு புள்ளி வைத்தேன்.
ஏற்றுக்கொண்டது.