கேட்கக் கூடாத கணக்கு

டிசம்பர் இரண்டாம் வாரம்.
ஃபின்மார்க்கில் சூரியன் இனி ஜனவரியில்தான்.
எட்டரை மணி இருட்டில்
பூட்ஸ்களை வராந்தாவில் கழற்றிவிட்டு
கம்பளிக் காலுறைகளோடு உள்ளே வந்தார்கள்
என் ஐந்தாம் வகுப்பின் பதினொரு பேர்.

பாடநூலில் ஒரு ஆப்பிள் மரம்.
இங்கே ஆப்பிள் காய்ப்பதில்லை,
கூட்டுறவுக் கடைக்குப் பிளாஸ்டிக் பையில் வரும்.
அதனால் நேற்றிரவு நானே கணக்கெழுதினேன்,
ஸ்டாவாங்கரில் வாங்கிய ஆசிரியர் சான்றிதழின்
மை காயாத மிதப்போடு.
ஆப்பிளை அடித்துவிட்டுக் கலைமான் என்று போட்டேன்.
பண்பாடு வந்துவிட்டது என்று
விளக்கை அணைத்துத் தூங்கினேன்.

“ரிஸ்டன், உங்க அப்பாகிட்ட எத்தனை மான்?
அதிலிருந்து ஆரம்பிப்போம்.”

மார்க்கர் மூடி ஒரு கையில்,
மார்க்கர் மறு கையில்.
ரிஸ்டன் பென்சிலைப் பார்த்தாள்.
யோவ்னா ஜன்னலைப் பார்த்தான்,
ஜன்னலில் எங்கள் முகங்களைத் தவிர எதுவும் இல்லை.
பிறகு அவள் சொன்னாள்,
விழப்போகிறவரைத் தாங்கிப் பிடிக்கிற குரலில்:
“மரத்துக்கு இந்தப் பக்கமும் இருக்கு, டோருன்.
அந்தப் பக்கமும் இருக்கு.”

நான் சிரித்தேன்.
வேறு யாரும் சிரிக்கவில்லை.

மணியடித்ததும் வராந்தாவில் ஒரு பூட்ஸை மாட்டியபடி
யோவ்னா கேட்டான், மிகச் சாதாரணமாக:
“உங்க பேங்க்ல எவ்வளவு இருக்கு?”
கேட்டுவிட்டு
இன்னொரு பூட்ஸ் பாதி ஏறியிருக்கும்போதே
ஓடிவிட்டான்.

எண்ணூற்று நாற்பது குரோனர்.
சம்பளத்துக்கு இன்னும் ஒன்பது நாள்.
நான் சொல்லவில்லை.
யாருக்கும் சொல்ல மாட்டேன்.
சொல்ல மாட்டேன் என்று நினைத்த அந்த நொடியில்தான்
காது மடல்வரை சூடேறியது.

பதினொரு பேர் முன்னால், உரக்க,
ஒரு குடும்பத்தின் பெட்டியைத் திறக்கச் சொல்லியிருக்கிறேன்,
அதுவும் சாமி இனத்துப் பிள்ளைக்குச்
செய்கிற மரியாதை என்று.

இது முதல் தடவையும் இல்லை.
பலகைக்கு முகம் திருப்பிப் பேசினால்
என் வாயைப் படிக்கும் சிந்த்ரேவுக்கு
நான் வெறும் முதுகு. இதைச் செப்டம்பரில் குறித்துக்கொண்டேன்.
குறிப்பேடு மேசை மேலேயே இருக்கிறது.
இன்று காலை மூன்று முறை திரும்பினேன்.
செம்ஹாரிடம் “உங்க நாட்டுச் சாப்பாடு பத்திச் சொல்லேன்” என்றேன் ஒருநாள்.
அவள் பிறந்தது ட்ரோம்ஸோவில்.
மீன் உருண்டை, என்றாள்.

அன்று மாலை கணக்கெழுத உட்கார்ந்தேன்.
ஒரு வரியும் ஓடவில்லை.
வெற்றுத்தாள்களையே எடுத்துக்கொண்டு போனேன் மறுநாள்.
“நீங்க எழுதுங்க. நான் போடறேன்.”

சந்தேகமாகப் பார்த்தார்கள்.
பிறகு பென்சில்கள் கிறுகிறுவென்று ஓடத் தொடங்கின.
சிந்த்ரே எழுதியது ஐஸ் ஹாக்கி மதிப்பெண்கள்.
செம்ஹார் எழுதியது
மூன்று தம்பிகளும் ஒரே ஒரு குளியலறையும்.

ரிஸ்டன் எழுதியது:
பனி ஸ்கூட்டர் டாங்கில் முப்பது லிட்டர்.
நூறு கிலோமீட்டருக்கு இருபது லிட்டர் குடிக்கும்.
குடிசை எழுபது கிலோமீட்டர்.
போய்த் திரும்ப முடியுமா?

சிந்த்ரேவுக்கு முகம் காட்டி நின்று,
மனதுக்குள் பெருக்கி,
“முடியும்” என்றேன். “ரெண்டு லிட்டர் மிச்சம்.”

வகுப்பே வெடித்துச் சிரித்தது.
“விறகு?” என்றான் யோவ்னா.
“பின்னால ஸ்லெட்ஜ்ல விறகு இருக்கே!”

“கணக்குல விறகு இல்லையே?”

“குளிர்காலத்துல குடிசைக்கு
வெறும் வண்டியாவா போவாங்க?”

இருட்டு ஜன்னலில் பன்னிரண்டு முகங்கள்.
அதில் ஒன்று, எங்கோ பாதி வழியில்,
டாங்க் காலியாகிப் பனியில் நிற்கிற முகம்.
ரிஸ்டன் எழுந்து வந்தாள்.
மார்க்கருக்காகக் கையை நீட்டினாள்.