அரைப்பேர்

நோர்வூட்டிலிருந்து பதினொரு கிலோமீட்டர்.
கடைசி மூன்றில் பாதை இல்லை, கல்தான்.
பைக்கைக் கோயிலடியில் நிறுத்தி
மீட்டரையும் ஸ்பேனரையும் தோளில் போட்டு
கீழ்ப்பிரிவு, எட்டாம் லயம், நாலாவது காம்பரா.

சந்தனசாமி வாசலிலேயே குற்றம் வாசித்தார்:
"பகல்ல தேடவிட்டா நூத்தி எண்பத்தாறு சேனல் விழுது தம்பி.
ராவு ஏழரைக்குத் தேடவிட்டா தொண்ணூத்தி மூணு.
கொழுந்து கொறஞ்ச நாளு மாதிரி
அரைப்பேர்தான் போடுது இந்தப் பெட்டி.
எல்லாம் இந்தப் பனி."

இந்த மலையில் எல்லாவற்றுக்கும் பனிதான்.
பஸ் வராததற்கு, துணி காயாததற்கு,
மகன் கொழும்பிலிருந்து போன் எடுக்காததற்கு.
ஆனால் பனிக்கு வகுத்தல் கணக்குத் தெரியாது.
மழை மறைக்கும். மறைத்தால் மொத்தமாக மறைக்கும்.
சரிபாதி என்பது மனுசர் வேலை.

ஆணி வரிசை பார்த்து மிதித்துத் தகரத்தில் ஏறினேன்.
டிஷ், சாய்வு நாற்காலியில் கிடப்பதுபோல்
வானம் பார்த்துக் கிடந்தது.
பலம் எண்பத்திரண்டு, தரம் எழுபது.
திசையில் பிழையில்லை.
எல்.என்.பி.க்குள் ஈரமில்லை, எறும்புமில்லை.

இறங்கிப் பட்டியலைப் பார்த்தேன்.
விழாத தொண்ணூற்று மூன்றும் ஒரே ரகம்,
அத்தனையும் செங்குத்து அலை.
பெட்டி பதின்மூன்று வோல்ட் அனுப்பினால் செங்குத்து,
பதினெட்டு அனுப்பினால் கிடை.
ஒரு கம்பியில் ஒரு நேரத்தில்
ஒரு கேள்விதான் மேலே போகும்.
அதே கம்பியில் இன்னொருவர்
இதைவிட உரக்கக் கேட்டுக்கொண்டிருந்தால்?

கேபிளைத் தடவிக்கொண்டே போனேன்.
ஜன்னல், ஸ்கூல் பை தொங்கும் ஆணி,
மாரியம்மன், ஹட்டன் நகைக்கடைக் காலண்டர்.
காலண்டருக்குப் பின்னால் ஒரு முடிச்சு.
பல்லால் கடித்து அறுத்த கறுப்பு டேப்.
அதிலிருந்து இன்னொரு வால்
சுண்ணாம்பு அடைத்த ஓட்டை வழியே
அஞ்சாம் காம்பராவுக்கு.

தேங்காய் துருவும் சத்தம் நின்றது.

தவமலர் என்னைப் பார்க்கவில்லை.
துருவலைப் பார்த்தாள்.

அஞ்சாம் காம்பராவில் சந்தனசாமியின் அண்ணன்.
அப்பாவின் சேமலாப நிதியைப் பங்குபோட்ட அன்றிலிருந்து
ஆறு வருசமாய்ப் பேச்சில்லை.
அண்ணன் ஃபெக்டரி வாச்சர்,
ஏழு மணிக்கு டோர்ச்சோடு இறங்கிப் போய்விடுவார்.
ஏழரைக்கு ஓரகத்திகள் இரண்டு பேரும்
சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்
ஒரே நாடகம்.
பகலில் அந்தப் பெட்டி எங்கே தூங்குகிறதோ,
நான் கேட்கவில்லை.

"என்னா கோளாறு?"
காலண்டரை நேராக்கினேன்.
"எல்.என்.பி. போயிருச்சுண்ணே. மாத்தணும்."

அவர் கடைக்குச் சீனி வாங்கப் போன நேரம்
இரண்டு வாய் உள்ளதாய்ப் பூட்டினேன்.
முடிச்சை அறுத்து, இரண்டாவது கம்பியைக்
கூரைக் கட்டையோடு கட்டி
அந்தப் பழைய ஓட்டைக்கே கொண்டுபோனேன்.
பில்லில் ஒற்றை வாய் விலை.
மீதியைக் கைக்காசு விழும்போது தருவதாய்
தவமலர் விரலால் சொன்னாள்.

ஏழே முக்காலுக்குத் தேடவிட்டோம்.
பன்னிரண்டு. நாற்பத்தேழு.
நாற்பத்தேழில் கொஞ்ச நேரம் நின்றது,
நானும்தான்.
பிறகு நூற்றி எண்பத்தாறு.
முழுப்பேர்.

சுவருக்கு அப்பால் ஒரு மாமியார் அழுதாள்.
அரை நொடி தள்ளி
இங்கே அதே மாமியார் அழுதாள்.
சந்தனசாமி ரிமோட்டைப் பிடித்தபடி
அந்த அரை நொடியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.
அண்ணன் கூரையில் டிஷ் கிடையாது.
அந்தத் தகரத்தை அடித்ததே இவர்தான்.

கோயிலடி வரை வெளிச்சம் பிடித்து வந்தார்.
தந்த காசில் மூவாயிரம் கூட இருந்தது.
"அண்ணே, இது கூட."
"ரெண்டு வயருக்கும் டேப் சுத்தினியா?
மழைக்குத் தண்ணி எறங்கும்."
"சுத்தினேன்."
கொஞ்சம் நடந்து திரும்பி,
"பனிதான்," என்றார்.
"பனிதாண்ணே."

தவமலரிடம் இனி எப்படிச் சொல்வது
பாக்கி இல்லையென்று?
பாதி இறக்கத்தில் போன் அடித்தது.
அப்கொட்டில் ஒரு வீட்டில்
ஒன்றுமே விழவில்லையாம்.