முள்ளோடை தாண்டி

இரவு பதினொன்றே முக்காலுக்குக்
கடலூர் பெரியாஸ்பத்திரியில் ஏற்றினோம்.
தெய்வசிகாமணி, ஐம்பத்திரண்டு வயது,
முதுநகர் ஐஸ் பாக்டரி.
ஜிப்மருக்கு எழுதிக்கொடுத்த சீட்டு
மனைவியின் கையில் கசங்கிக்கொண்டிருந்தது.

பெண்ணையாற்றுப் பாலத்தில்
பேசிக்கொண்டுதான் வந்தார்.
கம்ப்ரசரை யார் அணைப்பார்கள் என்று
இரண்டு தரம் கேட்டார்.
முள்ளோடையில் கோடு படுத்துவிட்டது.

முப்பது அழுத்து, இரண்டு மூச்சு.
முப்பது, இரண்டு.
சகாயம் வண்டியை விரட்டுகிறான்.
சாராயக்கடைகளின் சீரியல் பல்பு
பச்சையும் சிவப்புமாய் அவர் முகத்தில் ஓடுகிறது.
பவுனம்பாள் கண்ணை இறுக மூடிக்கொண்டு
எல்லாச் சாமியையும் ஒரே மூச்சில் கூப்பிடுகிறார்.

அரியாங்குப்பம் தாண்டித் துடித்தது.
நின்றது எந்த மாநிலத்துக் கணக்கு,
திரும்பி வந்தது எந்த மாநிலத்துக் கணக்கு என்று
சகாயம் பிறகு டீக்கடையில் சொல்லிச் சிரிப்பான்.

மூன்று வாரம் கழித்து
வண்டி நிற்கும் கொட்டகைக்கே வந்தார்.
கையில் ஐஸ் போட்ட இறால் பை,
சொட்டிக்கொண்டே.
"மேலேர்ந்து எல்லாம் பாத்தேம்மா."

எட்டு வருஷத்தில் நிறைய கேட்டிருக்கிறேன்.
சுரங்கம். வெளிச்சம்.
"நேரமாகல, போ" என்று கைகாட்டும்
செத்துப்போன மாமனார்.
ஒருவருக்கு எருமை, மணிச்சத்தத்தோடு.
பாதிரிக்குப்பத்து டீச்சருக்குச் சம்மனசுகள்.
அவரவர் வீட்டுக் காலண்டரில் இருப்பவர்தான்
வாசல்வரை வருகிறார்.

இவர் யாரையும் பார்க்கவில்லையாம்.
வண்டி கடல்மணலில் போனதாம்.
தார்ச்சாலைதான், தப்பு.
சகாயம் சிவப்புச் சட்டையாம்.
சீருடை நீலம், அதுவும் தப்பு.
என் மனசு லேசாகிக்கொண்டு வந்தபோது சொன்னார்:
"பதினேழுக்கு அப்பறம் உன் கை நின்னுபோச்சு.
மணி பாத்த."

இல்லைங்க என்றேன்.
'இடைவிடாமல் செய்யப்பட்டது.'
அறிக்கையில் அப்படித்தான் இருக்கிறது,
கீழே என் கையெழுத்து.

பார்த்தேன்.
கன்னியக்கோயில் பக்கம்,
இனி இல்லை என்று தோன்றியது.
மணிக்கட்டைத் திருப்பினேன், பன்னிரண்டு நாலு.
எழுதுவதற்கு ஒரு நேரம் வேண்டுமே.
நாலு நொடியோ, ஏழோ.
சகாயத்தின் கண் சாலையில்.
பவுனம்பாளின் கண் சாமிகளிடம்.
கூரையில் ஒரு காற்றாடியும் ஒரு கொக்கியும்
தவிர யாருமில்லை.

டாக்டரிடம் வேறு யாருக்கோ நடந்ததுபோலக் கேட்டேன்.
"காதுதான் கடைசியாக அணையும்.
எண்ணுகிற குரல் நின்றதைக் கேட்டிருப்பார்.
மீதியை மூளை படம் போட்டுக்கொள்ளும்."
நிம்மதியாக வெளியே வந்து
படியிறங்கும்போதுதான் நினைத்தேன்:
நான் வாய்விட்டா எண்ணினேன்
மனசுக்குள்ளா?

மூளை போட்ட படம் என்றால்
நான் தப்பித்தேன்.
நிஜம் என்றால் கூரையில் ஒரு சாட்சி.
விஞ்ஞானத்தை இவ்வளவு ஆசையாக
நான் என்றைக்கும் நம்பியதில்லை.

அன்று கொட்டகையில் அவர் அதோடு விடவில்லை.
"தப்பா எடுத்துக்காத.
நீ கைய எடுத்தப்பதான்
நோவில்லாம இருந்துச்சு.
அந்தச் செத்த நேரம் போதும்னு இருந்துச்சு.
திரும்ப அமுக்கின பாரு,
அப்ப வந்த கோவம்!
மூணு எலும்பு போச்சு தெரியுமா."
சிரித்தார்.
சிரிப்பு இருமலாகி
விலாவைப் பிடித்துக்கொண்டார்.

மன்னிப்பா புகாரா தெரியவில்லை.
அவருக்கும் தெரிந்திருக்காது.
ஐஸ் கரைவதற்குள் சமைச்சிடுங்க என்று
பஸ் பிடிக்கப் போனார்.

வெயில்.
சகாயம் குழாயடியில் வண்டி கழுவுகிறான்.
புழுக்கம் தாங்காமல்
சீருடைப் பொத்தான்களை ஒவ்வொன்றாய் அவிழ்க்கிறான்.
உள்ளே எப்போதும் ஒரே பனியனைத்தான்
போடுவான், துவைத்துத் துவைத்து.
அது என்ன நிறம் என்று
எனக்குத் தெரிய வேண்டாம்.

முதுகைத் திருப்பி உட்கார்ந்து
இறாலை உரிக்கத் தொடங்கினேன்.